கடற்படையில் ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து, சீஃப் பெட்டி ஆபீசர் என்ற மூத்த மாலுமிப் பதவியில் ஓய்வுபெற்றவன் நான். பணியில் இருந்த காலத்தில் என் பொறுப்பில் இருந்த இளைஞர்கள் சிலரை ஒழுங்கு விசாரணைக்கு அழைத்துச் சென்று நிறுத்தியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு, அத்தகைய இளைஞர்களின் பெற்றோர் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "யாரைப் பார்த்தால் இது சரியாகும்?" அந்தக் கேள்வியோடு தொடங்குகிற குடும்பங்கள் பொன்னான நாட்களை வீணாக்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பார்க்க வேண்டியவர் எவரும் வெளியே இல்லை. உங்கள் மகனோ மகளோ தன் வாயால், தனக்குரிய அதிகாரியிடம், உரிய நேரத்தில் உண்மையைச் சொல்வதற்கு நீங்கள் எந்த அளவு துணை நிற்கிறீர்களோ, அதுவே உங்கள் கையில் இருக்கும் உதவி.

செய்தி உங்களுக்கு அரைகுறையாகத்தான் வந்து சேரும். 2019 டிசம்பரில் கடற்படை மாலுமிகள் சிலர் உளவு வழக்கில் கைதானதைத் தொடர்ந்து கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் சமூக ஊடகங்களுக்கும் தடை வந்தது. ஆகவே பிள்ளை உங்களோடு நினைத்த நேரத்தில் பேச முடிவதில்லை. கரைக்கு வந்த சிறிது நேரத்தில், பக்கத்தில் நண்பர்கள் நிற்க, "ஒண்ணும் இல்லம்மா, சின்ன கேஸ்தான், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அந்த அழைப்பில் திட்டினால் அடுத்த அழைப்பு வராது. முதலில் கேட்க வேண்டியவை மிகச் சில: குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா, அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதியில் நடந்ததாகச் சொல்கிறார்கள், உன் பிரிவுக்குப் பொறுப்பான டிவிஷனல் ஆபீசரிடம் பேசினாயா. ஏன் செய்தாய் என்று கேட்பதற்கு அடுத்த அழைப்பு இருக்கிறது. பதற்றத்தில் கப்பலின் பெயரையும் அது நிற்கும் இடத்தையும் குறிப்பிட்டு, நியாயம் கேட்டு ஃபேஸ்புக்கில் பதிவு போட்டுவிடாதீர்கள்; அது பிள்ளையின் மேல் இன்னொரு பிரச்சினையைக் கொண்டுவந்து சேர்க்கும்.

நடைமுறை என்னவென்று தெரியாததால்தான் பாதி அச்சம் வருகிறது. படையில் இருப்பவர்களுக்கு அடிப்படை உரிமைகளை எந்த அளவு வரையறுக்கலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்திற்குக் கொடுத்திருக்கிறது. கடற்படைக்கு 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம் இருக்கிறது. மரண தண்டனைக்குரியவை நீங்கலாக, மாலுமி ஒருவர்மேல் வரும் குற்றச்சாட்டுகளை அவருடைய கப்பலின் தலைமை அதிகாரியான கமாண்டிங் ஆபீசரே சுருக்கமாக விசாரித்துத் தண்டிக்க அந்தச் சட்டத்தின் 93ஆம் பிரிவு வழி செய்கிறது. அவர் விதிக்கக்கூடிய சிறையோ காவலோ மூன்று மாதத்திற்கு மேல் போக முடியாது. அதைவிடக் கடுமையான தண்டனைக்குரிய விஷயம் என்றால் அது கோர்ட் மார்ஷல் என்ற படை நீதிமன்றத்திற்குப் போகும்; அங்கே குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமர்வார்கள், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். இளம் மாலுமிகளின் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை கமாண்டிங் ஆபீசரின் மேசையோடு முடிந்துவிடுபவை.

அந்த மேசை எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள். குற்றச்சாட்டு வழக்கமாகக் கீழ்நிலை அதிகாரி ஒருவர் முன்பு தொடங்கி, கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரியான எக்ஸிகியூட்டிவ் ஆபீசரிடம் போய், அங்கே முடியாவிட்டால் கமாண்டிங் ஆபீசரிடம் வரும். பையன் துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சீருடையில், நேராக நிமிர்ந்து நிற்பான். குற்றச்சாட்டு உரக்கப் படிக்கப்படும். சாட்சிகள் சொல்வார்கள். பிறகு, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்பார்கள். பத்தொன்பது வயதுப் பையன்களில் பலர் அந்த நேரத்தில், "ஒன்றும் இல்லை, சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்ல ஒன்றும் இல்லாமலில்லை, வாய் வருவதில்லை. வீட்டில் இந்தியும் ஆங்கிலமும் பேசாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த இடம் இன்னும் கடினம். வழக்கறிஞரை நிறுத்தி வாதாடும் இடமும் அது அல்ல. ஆகவே என்ன சொல்லப்போகிறான் என்பதை முந்தைய நாளே ஒரு தாளில் தமிழில் எழுதிப் பார்த்து, பிறகு தனக்குத் தெரிந்த எளிய இந்தியிலோ ஆங்கிலத்திலோ நாலு வாக்கியமாக மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொலைபேசியில் அதை உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். உங்களுக்குப் புரிந்தால் கமாண்டிங் ஆபீசருக்கும் புரியும். செய்யாத ஒன்றை, "சீக்கிரம் முடியட்டும்" என்று ஒப்புக்கொள்ளச் சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் டிவிஷனல் ஆபீசர். ஒவ்வொரு மாலுமியும் ஒரு பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவின் அதிகாரிக்குத் தன் மாலுமிகளின் வேலை, விடுப்பு, பதவி உயர்வு, குடும்பச் சிக்கல் எல்லாவற்றிலும் பொறுப்பு உண்டு. விசாரணையின்போது இந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டியவரும் அவரே. ஆனால் அவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் சொல்ல முடியும். என் பிரிவில் ஒரு பையன் இரவுக் காவலில் தூங்கிவிட்டான். கப்பலில் அது லேசான குற்றம் இல்லை. விசாரணைக்கு முந்தைய மாலை வரை அவன் வாயைத் திறக்கவில்லை. அன்று அவனுடைய அம்மா யார் மூலமோ எண் வாங்கி என்னை அழைத்தார். தங்கை ஜிப்மரில் சிறுநீரகச் சிகிச்சையில் இருக்கிறாள் என்றும், பகல் முழுவதும் பணம் புரட்டுவதற்காகச் சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் அவன் பேசிக்கொண்டிருந்தான் என்றும், இதைக் கப்பலில் சொல்லக் கூடாது என்று அவனுடைய அப்பா கட்டளையிட்டிருக்கிறார் என்றும் சொன்னார். நான் டிவிஷனல் ஆபீசரிடம் சொன்னேன். மறுநாள் அவர் மருத்துவமனைச் சீட்டின் நகலோடு பேசினார். தண்டனை வந்தது, ஏனென்றால் தூங்கியது உண்மை. ஆனால் எல்லாரும் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அதோடு அவனுக்கு விடுப்பும் கிடைத்தது.

குடும்ப மானம் என்று நாம் மூடி வைப்பவைதான் பல நேரங்களில் பிள்ளைக்கு ஒரே சாட்சியம். கடன், அப்பாவின் குடி, பெற்றோரின் பிரிவு, அக்காவின் விவாகரத்து, சொத்துத் தகராறு, மனச்சோர்வுக்கு எடுத்த மாத்திரை: இவற்றில் பிள்ளையின் நடத்தையோடு தொடர்புடையது எதுவோ அதை, ஆவணத்தோடு, டிவிஷனல் ஆபீசருக்குத் தெரிவிக்க அவனுக்கு அனுமதி கொடுங்கள். கதை சேர்க்க வேண்டாம். கப்பலில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்குச் சோடிப்பு உடனே தெரிந்துவிடும்.

இந்த மடலில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது விடுப்பைப் பற்றி. ஒழுங்கு நடவடிக்கைகளில் பெற்றோரே நேரடியாகக் கெடுத்துவிடக்கூடிய வழக்கு இது ஒன்றுதான். விடுப்பு முடியும் நாளில் பையன் கிளம்ப மறுக்கிறான். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமே, உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்" என்று வீடு முடிவுசெய்கிறது. அந்தக் காலத்தில் "தாய் கவலைக்கிடம்" என்று பொய்த் தந்தி அடிப்பார்கள். 2013 ஜூலையோடு தந்தி சேவையே நின்றுபோனது, இப்போது அதே வேலையைத் தெருமுனை கிளினிக்கின் சான்றிதழ் செய்கிறது. இரண்டு நாள் ஒரு வாரமாகிறது. ஒரு வாரமானதும், போனால் என்ன செய்வார்களோ என்ற பயத்தில் இன்னொரு வாரம் போகிறது. விடுப்பு முடிந்தும் திரும்பாதது ஒரு குற்றம். திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் படையை விட்டு ஓடுவது வேறொரு குற்றம், மிகப் பெரிய குற்றம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது எண்ணம். கழியும் ஒவ்வொரு நாளும், அணைத்து வைத்த ஒவ்வொரு போனும், மாற்றிய ஒவ்வொரு முகவரியும், திரும்பி வரும் எண்ணம் இருந்தது என்பதற்கு எதிரான சாட்சியாகிக்கொண்டே போகும்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடிவந்த மாலுமி என்று தெரிந்தே ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 164ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 136ஆம் பிரிவாக இருந்தது. அந்தப் பிரிவு ஓடிவந்தவரின் வாழ்க்கைத்துணைக்கு மட்டுமே விலக்குக் கொடுக்கிறது. தாய்க்கும் தந்தைக்கும் கொடுக்கவில்லை. பெற்ற மனத்திற்கு இது கொடுமையாகத் தோன்றலாம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் சட்டம் அதுதான்.

ஆகவே, பையன் உண்மையிலேயே நோயுற்றிருந்தால், விடுப்பு முடிவதற்கு முன்பே பக்கத்தில் உள்ள இராணுவ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போக முடியாத நிலை என்றால் அரசு மருத்துவமனையில் காட்டி, அன்றே கப்பலுக்கோ தளத்திற்கோ தகவல் சொல்லச் செய்யுங்கள். வீட்டில் உண்மையான நெருக்கடி என்றால் விடுப்பு நீட்டிப்பு கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கட்டும். ஏற்கெனவே நாள் கடந்துவிட்டதா, இன்றிரவு ரயிலிலேயே கிளம்பட்டும். இடம் இல்லையென்றால் முன்பதிவற்ற பெட்டியில் போகட்டும். நீங்களும் கூடப் போய் வாயில்வரை விட்டுவிட்டு வாருங்கள். தானாகத் திரும்பிவந்தவனையும் காவல்துறை பிடித்துக்கொண்டுவந்து ஒப்படைத்தவனையும் எந்தக் கமாண்டிங் ஆபீசரும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பயணச்சீட்டு, மருத்துவமனை அனுமதிச்சீட்டு, தளத்திற்கு அழைத்ததற்கான தொலைபேசிப் பதிவு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு அவன் கையில் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்தது சிபாரிசு. சட்டமன்ற உறுப்பினரின் கடிதம், தூரத்து உறவில் உள்ள ஓய்வுபெற்ற கமாண்டர், "ஹெட்குவார்ட்டர்ஸில் எனக்கு ஆள் இருக்கிறது, ஒரு தொகை கொடுத்தால் ஃபைலை மூடிவிடலாம்" என்று சொல்லும் தரகர்: மூன்றும் ஒரே வகைதான். சொந்தக் காரியத்திற்காக வெளிச்செல்வாக்கைக் கொண்டுவருவதையே படை தவறாகப் பார்க்கிறது. அந்தக் கடிதம் பையனின் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். தரகரிடம் கொடுத்த பணம் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

மேலதிகாரி உண்மையாகவே கொடுமைப்படுத்துகிறார் என்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்குக் கடற்படைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருக்கிறது: மேலதிகாரியால் அநீதியோ கொடுமையோ இழைக்கப்பட்டதாக நினைக்கும் மாலுமி, விதிகளின்படி புகார் கொடுக்கலாம். விதிகளின்படி என்ற சொற்களை அழுத்திப் படியுங்கள். ரஞ்சித் தாக்கூர் என்ற தரைப்படை சிக்னல்மேனின் வழக்கை உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்த்தது. தன் கமாண்டிங் ஆபீசர் தன்னை மோசமாக நடத்துவதாக அவர் மேலதிகாரிகளுக்கு நேரடியாக மனு அனுப்பினார். உரிய வழியை மீறியதற்காக 28 நாள் கடுங்காவல் கிடைத்தது. அந்தத் தண்டனையில் இருந்தபோது, சாப்பிடு என்ற உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று சொல்லி, மறுநாளே சுருக்கக் கோர்ட் மார்ஷல் கூட்டி, ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதித்தார்கள். அவர் எந்த அதிகாரியைப் பற்றி மனு எழுதினாரோ அந்த அதிகாரியும் விசாரணையில் அமர்ந்திருந்தார். உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது: விசாரித்தவர் பக்கச்சார்பற்றவர் இல்லை, தண்டனையும் குற்றத்திற்கு ஒவ்வாத அளவு கடுமை. அதிகாரிகள் மீறினால் நீதிமன்றம் கேட்கும் என்பதற்கு இந்த வழக்கு அத்தாட்சி. ஆனால் அந்த நீதி வந்துசேர இரண்டாண்டு ஆனது; முதல் சறுக்கல் மனு போன வழியில் நேர்ந்தது. உங்கள் பிள்ளையின் புகார் முதலில் டிவிஷனல் ஆபீசர் வழியாகக் கமாண்டிங் ஆபீசருக்கு, எழுத்தில், தேதியோடு போகட்டும். நகல் ஒன்று அவனிடம் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

அக்னிவீரர்களின் பெற்றோருக்குத் தனியாகச் சில வார்த்தைகள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணி நான்காண்டு. அதன் முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள், அந்தத் தேர்வில் நான்காண்டுச் செயல்பாடு கணக்கில் வரும். அந்தக் காலத்து மாலுமிக்கு முதல் ஆண்டில் விழுந்த ஒரு கரும்புள்ளியை அழிக்கப் பதினைந்து ஆண்டு இருந்தது. உங்கள் பிள்ளைக்கு அந்த அவகாசம் இல்லை. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு வைத்துக்கொண்டு, வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் அவனை வரச்சொல்லி நச்சரிப்பதை உறவினர்கள் நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். கடற்படை மாலுமிப் பணிக்குப் பெண்களை முதன்முதலாக எடுத்ததும் இந்தத் திட்டத்தில்தான். மகள் ஒரு புகாரில் சிக்கியிருக்கிறாள் என்று கேட்டதும், "பொம்பளப் புள்ளைய அனுப்பாதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்று பேசுகிறவர்களிடம், அவள் அழைக்கும்போது போனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பிள்ளைமேல் தவறு இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்தால், அவன் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்கட்டும். கூடுதல் வேலை, விடுப்பு நிறுத்தம், சம்பளப் பிடித்தம் ஆகியவற்றோடு ஒருவனின் வாழ்க்கை முடிவதில்லை. அவற்றைத் தாண்டி நல்ல பெட்டி ஆபீசர்களானவர்கள் எனக்கு நிறையப் பேர் தெரியும். அவன் இன்னொரு பையனை அடித்திருந்தால், அந்தப் பையனின் வீட்டாரை அழைத்துப் புகாரைத் திரும்பப் பெறக் கெஞ்சவோ மிரட்டவோ வேண்டாம். திருட்டு, போதைப்பொருள், பாலியல் குற்றம், இரகசியத் தகவல் கசிவு என்று விஷயம் போனால், இந்த மடலில் உள்ள அறிவுரைகள் போதாது. அன்றே படைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போங்கள். அவரைக் கேட்காமல் பையன் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

விசாரணைக்காகக் காத்திருக்கும் நாட்களில் பிள்ளையின் குரலைக் கவனியுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, தூங்குகிறாயா என்றும் கேளுங்கள். "என்னால உங்களுக்கு அவமானம்", "நான் இல்லாம இருந்தா நல்லது" என்ற வகையில் பேச்சு வந்தால், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்று சொன்னால் அந்த நிமிடமே டிவிஷனல் ஆபீசரையோ தளத்தின் கடமை அதிகாரியையோ நீங்கள் அழைக்கலாம், அழைக்க வேண்டும். பிள்ளையைத் தாண்டி நீங்கள் பேசலாம் என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

தண்டனை வந்த பிறகும் கதவுகள் உண்டு, ஆனால் அவற்றுக்குக் காலக்கெடு உண்டு. குற்றச்சாட்டு, சாட்சியம், தண்டனை உத்தரவு ஆகியவற்றின் நகல்களைப் பிள்ளை தன் பெயரில் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். நீங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், பிறருடைய தனிப்பட்ட தகவல் என்று மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். சிறு தண்டனைகளுக்குப் படைக்குள்ளேயே மனு செய்யும் வழிதான் முதல் வழி. சுருக்க விசாரணையில் பணிநீக்கம் விதிக்கப்பட்டிருந்தாலோ, கோர்ட் மார்ஷல் தண்டித்திருந்தாலோ, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்திற்குப் போகலாம். அதன் அமர்வுகள் சென்னையிலும் கொச்சியிலும் உள்ளன. பணி தொடர்பான விஷயத்தில், உள்ளே உள்ள வழிகளை முடித்த பிறகு, இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும். மனுவுக்கு ஆறு மாதமாகியும் பதிலே வரவில்லை என்றால், அதற்கடுத்த ஆறு மாதம் கணக்கு. ஊரில் ஜோசியம் பார்த்து, நல்ல நேரத்திற்குக் காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். வழக்கறிஞர் கட்டணத்திற்கு வழியில்லாதவர்கள் தங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். பணியில் இருக்கும் வீரர்களின் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும் திட்டம் ஒன்றைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. போகும்போது உத்தரவின் நகலையும், தேதிவாரியாக நீங்கள் எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் கொண்டு செல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சீஃப் பெட்டி ஆபீசர் ஒருவர்